லாபம், ரெண்டு, மூணு

"நடிக்கிறவனுக்காக அழுவுறியே புள்ள! இடப்பக்கம் அடிபட்டா வலக்கை எப்புடி விழும்?" என்று பண்ணையின் காரியக்காரர் என்னைக் கேட்டார். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கழக ஆட்சி வந்த புதிது. குடவாசல் பக்கம் அறுவடைக் கூலிக்காகக் கொடி பிடித்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தத் தகராறில் பண்ணையின் அடியாள் ஒருவன் வீசிய தடி அப்பாவின் இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே விழுந்தது. காயம் ஆறிவிட்டது. வலது கையும் காலும் மட்டும் எழவில்லை. பேச்சும் போய்விட்டது. என்னைக் கூப்பிட வாயைத் திறப்பார், காற்றுதான் வரும்.

கதிரடிக்கும் களத்திலேயே பஞ்சாயத்து கூடியது. அப்பாவின் முடக்கம் உண்மையென்றால், அவர் எழும்வரை பண்ணை எங்களுக்கு நெல் அளக்க வேண்டும். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

ஒரு பக்கம் அன்றைய கூலி நெல்லை மரக்காலில் அளக்க ஆரம்பித்தார்கள். அடிபடும்வரை அது அப்பாவின் வேலை. முதல் மரக்காலை யாரும் 'ஒன்று' என்பதில்லை. மங்கலமாக 'லாபம்' என்று ராகம் இழுப்பார்கள். புதிதாக அளந்தவர் இழுத்ததும் கட்டிலிலிருந்து கணீரென்று எழுந்தது அப்பாவின் பழைய குரல்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

களமே கட்டிலின் பக்கம் திரும்பியது. "பேச்சு வந்துட்டு சாமி!" என்று அம்மா அலறினாள்.

காரியக்காரர் கைதட்டிச் சிரித்தார். "பாத்தீங்களாய்யா, கணக்கு மட்டும் வாயில வருது! எங்க, மக பேரச் சொல்லச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். உதடு கோணித் துடித்தது.

"லாபம்," என்றார்.

எங்களோடு கொடி பிடித்தவர்களும் சிரித்தார்கள். நெல் கிடையாது என்று முடிவானது. அம்மாவின் கண்ணிலும் ஒரு கணம் சந்தேகம் வந்து போனது. அதைப் பார்த்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது தஞ்சாவூரில் மருத்துவம் படிக்கிறேன். மூளையின் இடப்பாதிதான் வலக்கையை ஆள்கிறது, பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான், அது சிதைந்தாலும் ராகமாய்ப் பழகிய வரிசை சிலருக்குப் பிழைத்திருக்கும் என்று படித்த அன்று அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். எதைக் காட்டி அப்பாவைப் பொய்யனாக்கினார்களோ, அதுவே அவருடைய சாட்சி. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் களத்தில் ஒருவரும் இல்லை.

போன பொங்கல் விடுமுறையில் அப்பாவின் இடக்கையில் மரக்காலைக் கொடுத்தேன். "லாபம், ரெண்டு" என்று அவர் இழுக்க, அவரும் கூடவே சொல்லிவிடுவார் என்று, அடுத்த இடத்தில் அதே ராகத்தில் என் பெயரை வைத்துப் பாடினேன்.

"மூணு," என்றார் அப்பா.

நெல்லைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தோம்.