சாமி அலமாரியில் கார் சாவி

பக்கத்து வீட்டுக் காரைத் திருடர்கள், வீட்டுக்குள் இருந்த சாவியின் சிக்னலைப் பிடித்தே திறந்து ஓட்டிக்கொண்டு போன அதே வாரம், அந்தச் சிக்னலைத் தடுக்கும் பை ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் காரும், சாவி பக்கத்தில் இருந்தால் கைப்பிடியைத் தொட்டதுமே திறந்துகொள்ளும் வகை. "சாவிய இதுக்குள்ளயே போட்டு வைங்க" என்று கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஒரு மதியம், எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டு வாசலில் ஹாரன் விடாமல் அலறியது. ஓடினேன். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் காரின் கதவைத் திறந்து ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"திருட்டு நாயே, கைய எடுடா!"

அவர் கோபப்படவில்லை. "ஏனுங்க அக்கா, சீட் பெல்ட் வெளிய தொங்குச்சுங்க. உள்ள தள்ளலாம்னு தொட்டேன், கதவே தொறந்துக்கிச்சு. உங்களக் கூப்பிடத்தானுங்க ஹாரன் அடிச்சேன்."

உள்ளே போனேன். வாசல் சுவரை ஒட்டிய சாமி அலமாரியில், குங்குமம் வைத்த சாவி காட்சிக்கு வைத்ததுபோல் கிடந்தது. பைக்குள் கற்பூரம்!

"இந்தப் பைய எதுக்குங்க வாங்குனேன்?" என்று கணவரிடம் கத்தினேன்.

"சாவி சாமி கண்ணுல படோணுமில்ல புள்ள? கற்பூரம் கரையாம இருக்கட்டும்னு அதுல போட்டேன்."

கற்பூரத்தைத் தரையில் கொட்டிவிட்டுச் சாவியைப் பைக்குள் திணித்தேன். கணவரைத் திட்டித் தீர்த்துவிட்டு வாசலுக்கு வந்தால், அந்த மனிதர் போயிருந்தார். சீட் பெல்ட் உள்ளே இருந்தது. கதவு மூடியிருந்தது.

கணவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால், காரைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. அவரைத் திருட்டு நாயே என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன்.