கோட்டில் விழுந்த நடுக்கம்

முதல் அறிகுறி என் உடம்பில் தெரியவில்லை. நான் எடுத்த படத்தில் தெரிந்தது.

பறவைகளை வேண்டுமென்றே கலங்கலாகப் படம் எடுப்பது என் பழக்கம். ஷட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு, பறவை பறக்கும் வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கை சரியாக ஓடினால் தலையும் கண்ணும் துலக்கமாக விழும். இறக்கை புகையாகும், பின்னால் நிற்கும் உடைமரங்கள் நேர்க்கோடுகளாக நீளும். குளிர்காலத்தில் எட்டயபுரத்தைத் தாண்டிய கரிசல் தரிசுகளில் பூனைப்பருந்துகள் வந்து இறங்கும். தாழப் பறக்கும், அவசரப்படாது. இந்த வேலைக்கென்றே அமைந்த பறவை.

அந்த ஆண்டு என் கோடுகள் நேராக வரவில்லை. ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாகப் போயின. லென்ஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். மெல்லிய கம்பியைச் சுற்றும்போது கை ஆடவே இல்லை, பிறகு கையை எப்படிச் சந்தேகப்படுவது? லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. பழுதுபார்த்த ஆளைப் போனில் திட்டிவிட்டு மறுபடியும் அனுப்பினேன்.

வீட்டில் வேறொரு சண்டை. மகள் தனக்கு வேலை கிடைத்துவிட்டதாக வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள். போனை வைத்ததும் என் மனைவி செல்வி பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை எம்புட்டு சந்தோஷமாச் சொல்லுதா, கல்லு கணக்கா உக்காந்திருக்கீங்க. சிரிச்சா முத்து உதிந்துருமோ?”

நான் சிரித்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்தேன்.

காலை இழுத்து நடக்கிறேன் என்று அவள்தான் மதுரைக்குக் கூட்டிப்போனாள். நரம்பியல் மருத்துவர் இரண்டு கைகளையும் நீட்டி அசையாமல் வைத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது கை ஆடத் தொடங்கியது. அதே ரம்பப் பல். லென்ஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை.

பார்க்கின்சன் என்றார் (மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைவதால் அசைவு மெதுவாகி, உடல் இறுகி, கை நடுங்கும் நோய்).

“வேலை செய்யும்போது அடங்கும். சும்மா வச்சிருந்தாலோ, ஒரே நிலையில பிடிச்சிருந்தாலோ திரும்ப வரும். கோபமோ சந்தோஷமோ வந்தா கூடும். முகத் தசையும் இறுகிடும்மா. உள்ள சிரிப்பாரு, வெளிய தெரியாது.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“படம் எடுக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

“தாராளமா எடுங்க. பழைய மாதிரி வருமான்னு என்னால சொல்ல முடியாது.”

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட எட்டத்தில்தான் நின்றது. வாசிக்கிற உங்களுக்கும் அப்படி இருந்தால் மனசே இல்லாதவர் என்று உங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். உணர்ச்சி மரத்துப்போவதும் இந்த நோயில் உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கவலை. இனி ஒரு பறவையின் பின்னால் என் கை போகுமா?

இப்போது எனக்குக் காலை மாலை கிடையாது. மாத்திரைக்கு உடம்பு கேட்கிற நேரம், கேட்காத நேரம், அவ்வளவுதான். சட்டைப் பொத்தானைக்கூட அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். பருந்துக்கு அது தெரியாது. பொழுது சாயும்போதுதான் வரும்.

அடுத்த குளிருக்குச் செல்வி ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். உளுந்து எடுத்த காட்டோரம் நின்றோம். போட்ட மாத்திரைக்கு உடம்பு இன்னும் கேட்கவில்லை. வரப்பை ஒட்டி ஒரு பூனைப்பருந்து தாழ வந்தது. கேமராவைத் தூக்கினேன். கை முன்னைவிட மோசமாக ஆடியது. அழுத்தினேன்.

படத்தில் தலை இல்லை, கண் இல்லை. வெளிறிய கீற்று ஒன்று நடுங்கிக்கொண்டே போயிருந்தது. என் கை இனி பருந்தோடு போகாது, அதற்குச் சற்றுப் பின்னால்தான் போகும் என்று புரிந்தது. அழிக்கப் போனேன்.

“சந்தோஷமா இருக்கீங்களாக்கும்” என்றாள் செல்வி.

“மூஞ்சி சிரிக்குதா?”

“மூஞ்சி எங்க சிரிக்குது? பருந்தப் பாத்ததும் கை துள்ளுச்சே. மக கூப்பிடும்போதும் இப்படித்தான் ஆடுது. நான் இப்பல்லாம் மூஞ்சியப் பாக்குறதில்ல, கையத்தான் பாக்கேன்.”

கேமராவை வாங்கி, திரையில் இருந்த படத்தைத் தன் போனில் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டாள் மகள்.

“என்னம்மா இது, ஒண்ணுமே தெரியல?”

“நல்லாப் பாரு. ஒங்கப்பா சிரிக்காவ.”