மேவிஸ் அளந்த டிரம்

எங்கள் மொன்டானா பக்கத்தில், பண்ணைக்காரன் செத்தால் அவனுடைய பிக்கப் வண்டியில்தான் கடைசிப் பயணம். என் அண்ணன் வெர்லினுக்குச் சனிக்கிழமை அடக்கம். தேவாலயம் மேட்டில், கல்லறை கீழே ஓடையோரம். நடுவில் இருப்பது செங்குத்தான இறக்கம். வண்டியிலோ பின்சக்கர பிரேக் சுத்தமாகப் போயிருந்தது.

வண்டிப் புத்தகத்தில் 1972 என்று போட்டிருந்தது. அந்த வருஷத்து பிரேக் ஷூ, அதாவது சக்கரத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற வளைந்த கட்டை, இரண்டு கடைகளில் வாங்கிப் பார்த்தேன், இரண்டுமே சேரவில்லை. வியாழக்கிழமை காலை, கொதித்துப்போய் மேவிஸ் கடைக்குள் நுழைந்தேன். முப்பத்தொரு வருஷமாக உதிரிபாகம் விற்கிறவள். கம்ப்யூட்டர் இருக்கிறது, அதன் மேல் தொப்பியைக் கழற்றி வைப்பாள்.

"எழுபத்திரண்டாம் வருஷ வண்டிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வருஷத்த யாருய்யா கேட்டா? டிரம்மக் கழட்டி எடுத்துட்டு வா, டுவைட்."

சக்கரத்துக்குள் இருக்கும் அந்த இரும்பு டிரம்மைக் கொண்டுபோய் மேஜையில் தொப்பென்று போட்டேன். குறுக்கே டேப்பை வைத்து அளந்தாள்.

"பன்னெண்டு இஞ்ச். உன் வண்டிக்குப் பதினொண்ணுதான் வரணும். உங்கண்ணன் வேற பெரிய வண்டியோட பின் ஆக்சிலத் தூக்கி மாட்டியிருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அந்தப் படுபாவி!"

"உங்கள்ல எவன்யா சொல்றான்? வைக்கோல் பாரம் தாங்கலன்னா, வயல்ல கெடக்குற ஓட்ட வண்டியிலேர்ந்து எதையாவது புடுங்கி மாட்டிக்க வேண்டியது. அப்புறம் செத்துப்போக வேண்டியது."

கடையில் அந்த அளவு இல்லை. ஏழு இடத்துக்குப் போன் போட்டாள். தொண்ணூறு மைல் தள்ளி, பழைய வண்டி உடைக்கிற ஒருவன் மட்டும், "இருக்கு, சேரும்" என்றானாம். மேவிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு டிரம்மைத் தூக்கினாள்.

"போன்ல எல்லாரும் சேரும்னுதான் சொல்லுவான். நேர்ல வச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்."

"நான் போறேனே, மேவிஸ்."

"நீ போயி அண்ணனுக்கு நல்ல சட்டை எடுத்து வையி."

வேலை நாளில் அவள் கடை பூட்டி நான் பார்த்ததே இல்லை, அன்று பூட்டிவிட்டுக் கிளம்பினாள். வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டு, இவளுக்கு என்ன ஆச்சோ என்று என்னிடம் விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஷூக்களோடு எங்கள் கொட்டகைக்கு வந்தாள். இருவருமாக மாட்டினோம். கிரீஸ் படிந்த அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கொடுத்திருந்தால் ஸ்பேனராலேயே போட்டிருப்பாள்.

சனிக்கிழமை தேவாலயத்தில் அவளைக் காணவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பின்னால் அண்ணனை வைத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன். பிரேக் பெடலை மிதித்தேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் வேகம் குறைந்து, கல்லறை வாசலில் நின்றது.

அங்கே மேவிஸ் நின்றிருந்தாள். குனிந்து ஒரு பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்தாள், சுற்றிப் போய் அடுத்ததிலும் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே சூடு. ரெண்டு பக்கமும் சமமாப் புடிச்சிருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் தொப்பியைக் கழற்றினாள். பெட்டி மேல் கை வைத்து, "வா வெர்லின், பத்திரமா வந்துட்ட. எறங்கு," என்றாள். மூன்று நாளாக அழாதவன், அப்போது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.