ரங்கூனில் காயப்போட்ட பாவாடை

கல்யாணமான மூன்றாம் மாதம் பெங்களூர் கண்டோன்மெண்டிலிருந்து ரங்கூன் போனேன். என் கணவருக்கு அங்கே ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஊறுகாய், கம்பளி, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை எல்லாம் எடுத்துப் போனேன். அங்குள்ள மனிதர்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள், அவர் ஆபீஸ் போனபின், துவைத்த புடவையையும் பாவாடையையும் மாடி வராந்தாவில், தெருவாசலுக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். சற்று நேரத்தில் கீழே சத்தம். எட்டிப் பார்த்தால் ஏழெட்டு பர்மாக்காரர்கள் என்னைக் காட்டிக் கத்துகிறார்கள். ஒருவன் கையில் அரிவாள் இருந்தது. கதவைத் தாழிட்டு, டிரங்குப் பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்தேன். படியில் காலடி கேட்டது. கதவைத் தட்டினார்கள்.

“அம்மா, நான் பால்காரன். திறங்க,” என்றது ஒரு தமிழ்க் குரல். “மேலே தொங்கற துணியை எடுத்துடுங்க. பொம்பளைங்க பாவாடைக்கு அடியில நடந்தா ஆம்பளைங்க பலமே போயிடும்னு இங்க நம்பறாங்க. கீழ்வீட்டுப் பெரியவர் தெரியாம நடந்துட்டார்.”

துணிகளை வாரி உள்ளே போட்டேன். இறங்கிப் போய்ப் பெரியவரைக் கும்பிட்டேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு ஏதோ சொன்னார், கூட்டம் கலைந்தது.

“ஊருக்குப் புதுசு, விடுங்கன்னு சொல்றார்,” என்றார் பால்காரர்.

இப்போது பெங்களூருக்கே திரும்பிவிட்டோம். போன வாரம் என் தங்கை, கணவரோடு ஈராக்கிலுள்ள பாஸ்ராவுக்குப் புறப்படுவதாகச் சொன்னாள். அங்கே ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்த, எங்கள் ஊர் அல்சூர்ப் பேட்டை அம்மாள் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். “அங்கே அரிசி கிடைக்குமா?” என்று தங்கை அந்த அம்மாளிடம் ஆரம்பித்தாள்.

“அதை அப்புறம் கேளு,” என்றேன். “எதைச் செய்யக்கூடாதுன்னு முதல்ல கேளு.”