ஏழாம் கட்டிலுக்கு இன்சுலின்

நான் ஊசி போட்டுக் கொல்லப் பார்த்த மனிதர் பரளச்சிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு முழுக்க என் பொறுப்பு. சித்திரை வெயிலில் கட்டில் காலியே கிடையாது. மருந்து கொடுக்குமுன் நோயாளி வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். படிக்கிற காலத்தில் இதை மூச்சுக்கு முந்நூறு தடவை ஒப்பித்தவள்தான் நான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழாம் கட்டிலுக்கு இன்சுலின். படுத்திருந்தவர் காய்ச்சல் அசதியில் கண்ணே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம், "இவுக பேரு என்னம்மா?" என்றேன்.

"அய்ய, அவுக பேர நான் எப்படிச் சொல்றது?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார் அந்த அம்மாள்.

இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் புருஷன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார். எனக்கோ எரிச்சல். இன்னும் பதினோரு பேருக்கு ஊசி பாக்கி. கட்டில் எண்ணை மட்டும் பார்த்து, இருபது யூனிட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். எட்டாம் கட்டிலில் இருந்தவர் சத்தம் போட்டார். "ஏம்மா, சோறு ஆறிப் போச்சு. எனக்குச் சர்க்கரை ஊசி கிடையாதா?"

"உங்களுக்கா? எட்டாம் நம்பருக்கு இல்லையே."

"நான் ஏழும்மா! அந்தக் காய்ச்சக்காரருக்குப் புழுக்கம் தாங்கலைன்னு அந்த அம்மா கேட்டுச்சு. சரி, ஃபேனுக்கு நேரா நீங்க படுங்கன்னு மாறிக்கிட்டோம்."

ஏழாம் கட்டிலுக்கு ஓடினேன். நான் ஊசி போட்ட மனிதர் வேர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. சர்க்கரை நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. டாக்டரைக் கூப்பிட்டுவர ஆளை விரட்டிவிட்டு, குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினேன். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காத உடம்பு. குத்தினேன், தவறியது. மறுபடி குத்தினேன், மறுபடி தவறியது. அடிப் பாவி, அடிப் பாவி என்று என்னையே வைதேன். 

"இப்பத்தான தண்ணி கேட்டாக? என்னாச்சு நர்ஸம்மா?" அந்த அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

டாக்டர் வந்ததும், "ஆள் மாத்தி இன்சுலின் போட்டுட்டேன் சார்" என்றேன். அவர்தான் நரம்பைப் பிடித்தார். சர்க்கரை ஏறியது, திரும்ப இறங்கியது. இருக்கன்குடித் தாயே, என் உசுரை வேண்டுமானால் எடுத்துக்கொள், இவரை விட்டுவிடு என்று மனசுக்குள் கதறிக்கொண்டே கால் மணிக்கு ஒரு தடவை அவர் விரலைக் குத்திப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்டச் சொன்னது போதும். வீட்டு ஆளுககிட்டக் காய்ச்சல் மயக்கம்னு சொல்லிரு" என்று ஹெட் சிஸ்டர் காதைக் கடித்தார். நானும் அப்படியே சொல்லிவிடத்தான் நினைத்தேன். இப்போது உங்களிடம் பொய் சொல்வானேன்?

சாயங்காலம் அவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லாருப்ப தாயி. என் தாலியக் காப்பாத்திக் குடுத்துட்ட."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அவுகளுக்குச் சர்க்கரையே இல்லம்மா. அடுத்தவருக்கு உள்ள ஊசிய நான்தான் போட்டேன். என்னாலதான் இவ்வளவும்."

அவர் என் கையை விட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

"அடுத்த ஊசி எப்ப?"

"எட்டு மணிக்கும்மா."

"அதுக்கு வேற ஆள வரச் சொல்லுங்க. கோவிச்சுக்கிடாதீக நர்ஸம்மா" என்று சொல்லி, எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"சரிம்மா" என்றேன்.