இருநூற்று இருபதும் இருநூற்று எண்பத்து நான்கும்

நட்பைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, நல்ல சிநேகிதிகள் இருவரை நான் பிரித்திருக்கிறேன். அதுவும் கணக்குப் புத்தகம். இதை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

ஐம்பதுகளில், போடிமெட்டுக்கு மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க். வேலை குறைவு, மழை அதிகம். போடிச் சந்தையில் அட்டை இல்லாமல் வாங்கிய ஒரு கணக்குப் புத்தகம்தான் மழைக்குத் துணை. அதில் எண்களுக்கும் குணம் இருந்தது. ஆறு ஒரு நிறைவான எண்: அதை மீதியின்றி வகுக்கும் ஒன்று, இரண்டு, மூன்றைக் கூட்டினால் ஆறே வந்துவிடும். இருபத்தெட்டும் அப்படித்தான். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அந்த வருடம் முழுக்கச் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

ஆனால் என்னைக் கிறங்கடித்தவை சிநேக எண்கள். 220ஐ மீதியின்றி வகுக்கும் அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் 284 வருகிறது. 284க்கு அதையே செய்தால் 220 வருகிறது. ஆபீஸ் நேரத்திலேயே, ஒரு பழைய கவரின் முதுகில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் துரை, கிழிந்துபோன பேர்ப் பதிவேட்டுக்குப் பதில் புதிது எழுதச் சொன்னார். முந்நூறு பேருக்கும் புது எண். போடுகிற கை என் கை. கொழுந்தெடுக்கும் பெண்களில் இருவருக்கு லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு, மதியம் ஒரே தூக்குச் சட்டிச் சோறு. மூத்தவருக்குக் காது மந்தம். கங்காணி கூப்பிட்டால் இளையவர்தான் தோளைத் தட்டிச் சொல்வார். சிநேக எண்களை இவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? மூத்தவருக்கு 220, இளையவருக்கு 284 என்று எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார். அன்று இரண்டு டீ குடித்தேன்.

எனக்குத் தெரியாமல் போன சங்கதி ஒன்று உண்டு. கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிரித்து விடுவது எண் வரிசைப்படி. பழைய பதிவேட்டில் அவர்கள் அடுத்தடுத்த எண்கள். இப்போது நடுவில் அறுபத்துமூன்று பேர். ஒரு அறுபத்துமூவர் ஊர்வலமே போகலாம்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இளையவர்தான் பேசினார்.

"என்னய்யா இப்பிடிப் பண்ணிப்புட்டீக. மதினி ஒரு மலையில, நான் ஒரு மலையில. நேத்துக் கொழுந்து நிறுவைக்குக் கூப்பிட்டது மதினிக்குக் கேக்கல. மஞ்சு எறங்கிருச்சு. எல்லாரும் போனப்பெறகும் ஒத்தையில நின்னு எடுத்துக்கிட்டு இருந்திருக்காக."

"ஆனைத் தடத்துக்கிட்ட," என்றார் மூத்தவர், கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் புத்தகத்தை எடுத்துவந்தேன். ஒரு பக்கம் பதினோரு எண்கள், மறுபக்கம் ஐந்து எண்கள், எல்லாம் கூட்டிக் காட்டினேன். இளையவர் பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப இதுக ரெண்டும் அம்புட்டுச் சிநேகமா?"

"ஆமாம்."

"பெறகு ஏன் பக்கத்துல பக்கத்துல இல்ல?"

பக்கத்தைத் திருப்பினேன். அங்கே வேறு பாடம் ஆரம்பமாகியிருந்தது.

"தொரை ஒப்புப் போட்டாச்சே," என்றேன். ஒப்பு என்றால் அங்கே கையெழுத்து. தைரியம் குறையும்போது எனக்கு மலையாளம் வரும்.

"போயிச் சொன்னா கடிச்சா திம்பாரு?" என்றார் மூத்தவர். அது மட்டும் அவருக்குக் கேட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை துரையிடம் போனேன். குறிப்பாக இந்த இரண்டு எண்களை ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். வகுத்திகளைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார், பிறகு 284ஐயும் 221ஐயும் மாற்றிப் போட்டுக் கையெழுத்திட்டார். 221ஐ வைத்திருந்த பெண்ணுக்குச் சந்தோஷம். புது நிரை அவர் லயத்துக்குப் பக்கம்.

எனக்குத்தான் ஒரு உறுத்தல். அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. புத்தகத்தின்படி 220ம் 221ம் சுத்த அந்நியர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் குடையோடு மலையேறிப் போய்ப் பார்த்தேன். அந்நியர்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, கை ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவைக்குக் கூப்பாடு கேட்டது. இளையவர் தோளைத் தட்டினார். மூத்தவர் கூடையைத் திருப்பினார். மனசு நிறைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற கங்காணியிடம், துரைவரை போய்ப் பேசி இதைச் சரிசெய்த விவரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பினார்.

"நல்லதுய்யா. நேத்துக் காலையில, ஆபீஸ் தொறக்குமுன்னயே நான் ரெண்டு பேரையும் பக்கத்துல விட்டுட்டேன். நீங்க ஆபீஸ்ல எழுதுறத எழுதிக்கிருங்க. மலைக்கு வந்து யாரு பாக்கப் போறா?"