சிவப்புக் கோடு விழாத தாள்கள்

முப்பத்தோரு வருட உழைப்பு, திரையில் நாற்பத்தேழு நிமிடம். கார்ட்டூன் படங்களில் வரும் தீ, புகை, மழை, அலை எல்லாம் கையால் வரைந்தவர் அவர். ஒரு நொடி நெருப்புக்கு இருபத்து நான்கு தாள். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஸ்டுடியோவில் அவர் பெயர் புகையண்ணன்.

வரைந்ததில் பாதி தேறாது. மேற்பார்வையாளர் தாள்களை விரலிடுக்கில் வைத்துச் சரசரவென்று புரட்டுவார். "என்னண்ணே, தீ எரியுதா, துணி காயுதா?" ஒதுக்கிய தாளின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் கோடு அடித்துத்தான் குப்பைக்கூடையில் போட வேண்டும் என்பது விதி. புகையண்ணன் அடிக்கமாட்டார். அழுத்தி அடித்தால் மறுபக்கம் தடம் விழும். அவருக்கு வேண்டியது வெறுமையாக இருக்கும் அந்த மறுபக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாள்களோடு ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் போய்விடுவார். ஏரி, பின்னால் மலை, ஒற்றையடிப் பாதை. காற்று விழுந்த நேரமாகப் பார்த்து வரைவார். ஆறு நாள் அசைவதையே வரைந்தவருக்கு ஏழாம் நாள் எதுவும் அசையக்கூடாது.

வண்ணம் பட்டதும் மெல்லிய தாள் சுருண்டுகொள்ளும். மனைவி மெத்தைக்கு அடியில் வைத்து நிமிர்த்துவார். "தினம் உங்க மலைமேலதான் படுத்துத் தூங்குறேன். ஒரு நாளாவது கூட்டிட்டுப் போனீங்களா?" அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றே போயிற்று. ஏரியைப் பார்க்காமலே மனைவி இறந்தார்.

ஆறு வருடம் கழித்துப் புகையண்ணனுக்குப் பக்கவாதம். பேச்சும் வலது கையும் போயின. மகள் கட்டிலுக்கு எதிரே தினம் ஒரு ஏரிப் படத்தை மாட்டினார். மறந்தால் அப்பா இடது கையால் கட்டிலைத் தட்டுவார். அவர் கேட்டு வாங்குவது அது ஒன்றைத்தான்.

அப்பா இருக்கும்போதே நாலு பேர் பார்க்கட்டும் என்று மகள் நூலகக் கூடத்தில் கண்காட்சி வைத்தார். இரண்டு பக்கமும் அவர் கைவேலை அல்லவா? இருபுறமும் கண்ணாடி போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டார். கூட்டம் நன்றாகவே வந்தது. முழுக்கத் தீயின் பக்கம் நின்றது. இரண்டாம் நாள் ஸ்டுடியோவில் ஆவணக் காப்பாளராக இருக்கும் ஒரு அம்மா வந்தார்.

"இது எங்க படத்துத் தீ. காட்சி எண்கூட இருக்கு பாருங்க."

"குப்பையில போட்டது மேடம்."

"குப்பைன்னா கோடு எங்கம்மா? கோடு இல்லாத தாள் ஸ்டுடியோ சொத்து."

ஒதுக்கிய தாள்கள்தான் என்று எழுதி வாங்க மகள் ஓய்வுபெற்ற மேற்பார்வையாளரைத் தேடிப் போனார். "தினம் நானூறு தாள் புரட்டினவன்மா நான். எது தேறுச்சு, எது தேறலைன்னு அந்தக் கோட்டைப் பார்த்தாதான் எனக்கே தெரியும். கோடு இல்லாம நான் என்னன்னு எழுதிக் கொடுக்குறது? உங்கப்பாவையே கேளு."

கேட்டார். தீயின் பக்கத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏம்ப்பா ஒரு கோடு போடலை? ஒரே ஒரு கோடு!" அப்பா இடது கையால் தாளைப் பிடித்து, மெதுவாக ஏரியின் பக்கம் திருப்பினார்.

வழக்குப் போட வலு இல்லை. போன வியாழக்கிழமை இரண்டு ஆட்கள் வந்து வீட்டிலிருந்த இருநூற்றுப் பதினெட்டுத் தாள்களையும் எண்ணிப் பெட்டியில் அடுக்கினார்கள். தீயை ஸ்டுடியோவின் வரவேற்புக் கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். தாள் மெல்லியது என்பதால் பின்பக்கத்தைக் கெட்டி அட்டையில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள்.

மகள் ஏரிப் படம் ஒன்றைப் போட்டோ பிரதி எடுத்து மாட்டிப் பார்த்தார். அப்பா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டிலைத் தட்டத் தொடங்கினார்.

ஒட்டும் வேலை திங்கட்கிழமை ஆரம்பமாகிறது.